பாலைவனத்தில் கிழமை மறந்தவன்

ஒருவன் பாலைவனத்தில் வழி தவறிவிட்டான். எத்தனை நாளாக நடக்கிறோம் என்ற கணக்கும் விட்டுப்போயிற்று. இன்று செவ்வாயா, வெள்ளியா, தெரியாது. கேட்க ஆளும் இல்லை. அவன் ஒரு யூதன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை சபாத், அதாவது ஓய்வுநாள். அன்றைக்கு அவன் வேலை எதுவும் செய்யக் கூடாது. கிழமையே தெரியாதவன் என்ன செய்வான்?

ஏதோ ஒரு விண்வெளிக் கதையின் முதல் பக்கம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இது யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனிய தல்மூதில் வருகிற கேள்வி. சுமார் 1,500 வருடம் பழசு. ரபி (யூத மத குரு) ஹூனா ஒரு வழி சொல்கிறார்: இன்றிலிருந்து ஆறு நாள் எண்ணு, ஏழாவது நாள் ஓய்வு எடு. ஹியா பார் ராவ் அதை மறுக்கிறார்: முதலில் ஒரு நாள் ஓய்வு எடு, அப்புறம் ஆறு நாள் எண்ணு. ஹூனா உலகம் படைக்கப்பட்ட வரிசையில் எண்ணுகிறார். மற்றவர் ஆதாமின் வரிசையில் எண்ணுகிறார். ஆதாம் ஆறாம் நாள் பிறந்தவன்; அவன் கண்ட முதல் முழு நாளே ஓய்வுநாள்தான்.

அதோடு விடவில்லை. கிழமை தெரியாதபோது எந்த நாளும் நிஜமான சபாத்தாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் உயிர் தரிக்க எவ்வளவு வேலை தேவையோ அவ்வளவுதான் செய்யலாம். எண்ணி வைத்த அந்த ஏழாம் நாளிலும் அதே அளவு செய்யலாம், பட்டினி கிடந்து சாக வேண்டியதில்லை. அப்படியானால் அந்த நாளுக்கும் மற்ற நாளுக்கும் என்ன வித்தியாசம்? ஆரம்பத்தில் ஒரு பிரார்த்தனை, முடிவில் ஒரு பிரார்த்தனை. அவ்வளவுதான் வித்தியாசம்.

யூத மரபு கௌபாய் கதைகளுக்குள்ளும் அறிவியல் புனைகதைகளுக்குள்ளும் வந்து என்ன செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆள்தான். இந்த இரண்டு வகைக் கதைகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன: ஊர் எல்லைக்கு அப்பால், கோர்ட்டும் கோயிலும் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லாத ஓர் இடம். அங்கே சட்டம் கிடையாது, துப்பாக்கியோ மூளையோ உள்ளவன் பிழைப்பான் என்பது இந்தக் கதைகளின் வழக்கமான ஏற்பாடு. யூத மரபு அந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்ததும் ஒரு தொந்தரவு ஆரம்பிக்கிறது. இவனுடைய சட்டம் ஊரில் தங்கிவிடவில்லை, மூட்டையில் கூடவே வந்துவிட்டது. மூட்டையைப் பிரித்தால் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு ரபிகளும் இருக்கிறார்கள்.

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வன்மேற்கு என்றால் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும்தான். லக்கி லூக்குக்கு 1955 முதல் 1977-ல் இறக்கும்வரை கதை எழுதிய ரெனே கோசினி, பாரிஸில் பிறந்து பியூனஸ் அயர்ஸில் வளர்ந்த யூதர். அவர் போய்ப் பல வருடம் கழித்து, 2016-ல் வேறு கைகளில் உருவான ஓர் ஆல்பத்தில், லக்கி லூக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஒரு யூதக் குடும்பத்துக்கு வழித்துணையாகப் போகிறான்.

வழித்துணை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். வேதாகமத்தில், உபாகமம் 21-ம் அதிகாரத்தில் ஒரு விசித்திரமான சடங்கு இருக்கிறது. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யார் என்று தெரியவில்லை. உடனே சுற்றியுள்ள ஊர்களுக்கு எத்தனை தூரம் என்று அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்டத்தில் இருக்கிறதோ, அந்த ஊர்ப் பெரியவர்கள் ஓர் இளம் பசுவைக் கொண்டுவந்து கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, இந்த ரத்தத்தை எங்கள் கைகள் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும். தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா. அது இதைப் படித்துவிட்டுத் திகைக்கிறது. ஊர்ப் பெரியவர்களைக் கொலைகாரர்கள் என்று யாராவது நினைப்பார்களா என்ன? எதற்காக இந்தச் சத்தியம்? அதுவே பதிலும் சொல்கிறது: எங்களிடம் வந்தவனை நாங்கள் சோறு போடாமல் அனுப்பவில்லை, எங்கள் கண்ணில் பட்டவனை வழித்துணை இல்லாமல் அனுப்பவில்லை என்பதே அந்தச் சத்தியத்துக்குப் பொருள்.

எத்தனையோ கௌபாய் கதைகள் மணலில் கிடக்கும் ஒரு பிணத்தோடு தொடங்குகின்றன. அங்கே எழுகிற கேள்வி, சுட்டது யார்? மிஷ்னா கேட்பது வேறு: கடைசியாக இவனுக்குச் சோறு போட்டது யார்? இந்தக் கேள்வியை வைத்து ஒரு வன்மேற்குக் கதை எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஷெரிஃப் கையில் துப்பாக்கிக்குப் பதில் அளவுக் கயிறு இருக்கும்.

சரி, இருக்கிற கதைக்கு வருவோம். ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி 1979-ல் வந்த 'த ஃபிரிஸ்கோ கிட்' இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த படம். வருடம் 1850. போலந்திலிருந்து ஆவ்ரம் என்ற இளம் ரபி, ரபியே இல்லாத சான் ஃபிரான்சிஸ்கோ யூதர்களுக்காகக் கப்பலேறுகிறார். வகுப்பில் ஏறக்குறையக் கடைசி மாணவர் என்பதால்தான் அவரை அவ்வளவு தூரம் தள்ளிவிடுகிறார்கள். ஆவ்ரமாக ஜீன் வைல்டர். வழியில் அவரோடு சேர்ந்துகொள்ளும் வங்கிக் கொள்ளைக்காரன் டாமியாக ஹாரிசன் ஃபோர்டு. கறுப்பு உடையும் தாடியுமாக வயலில் நிற்கும், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளைப் பார்த்து நம்ம ஆட்கள் என்று ஆவ்ரம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் காட்சிக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

படத்தின் மையமான காட்சி ஒரு துரத்தல். டாமி ஒரு வங்கியைக் கொள்ளையடித்துவிட்டான். பின்னாலேயே ஒரு கூட்டம் தூக்குக் கயிறோடு வருகிறது. அன்று சபாத். ஆவ்ரம் குதிரையிலிருந்து இறங்கிவிடுகிறார். பொழுது சாயும்வரை ஏற மாட்டாராம். டாமி கத்துகிறான், கெஞ்சுகிறான். ரபி நடக்கிறார், குதிரையும் பக்கத்தில் நடக்கிறது. சூரியன் மறைந்த கணம் தாவி ஏறிப் பறக்கிறார்கள்.

அருமையான நகைச்சுவை. ஆனால் சட்டம் தப்பு. குதிரையேறக் கூடாது என்பதற்கு தல்மூத் சொல்லும் காரணமே வேடிக்கையானது: ஏறினால் சாட்டைக்கென்று ஒரு கிளையை ஒடித்துவிடுவாய், ஒடிப்பது வேலை. மூலச் சட்டத்தைச் சுற்றி ரபிகள் போட்ட வேலி அது. மூலச் சட்டமோ உயிர் ஆபத்து என்றால் தானே விலகிக்கொள்ளும். லேவியராகமம் 18:5, கட்டளைகளின்படி செய்கிறவன் அவற்றால் பிழைப்பான் என்கிறது. அவற்றால் பிழைக்க வேண்டும், சாகக் கூடாது என்று ரபிகள் அதற்கு உரை சொன்னார்கள். சிலை வணக்கம், கொலை, முறையற்ற உறவு ஆகிய மூன்றைத் தவிர வேறு எதற்காகவும் உயிரை விட வேண்டியதில்லை. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்விக்கு ரத்தத்தில் பதில் எழுதியாயிற்று. சபாத்தில் சண்டையிட மாட்டோம் என்று நின்ற ஆயிரம் பேர் அப்படியே கொல்லப்பட்டார்கள். அதைக் கேட்ட யூதக் கிளர்ச்சித் தலைவர் மத்ததியாஸ், இனிமேல் சபாத்தில் தாக்கினால் திருப்பி அடிப்போம் என்று முடிவு செய்ததாக முதலாம் மக்கபேயர் நூல் சொல்கிறது. ஆக, தூக்குக் கயிறு பின்னால் வரும்போது குதிரையேறுவதுதான் சட்டப்படி சரி. திரைக்கதை எழுதியவர்களுக்கு இது தெரியுமா, தெரியாதா என்பது என் கவலை இல்லை. ஆவ்ரம் கடைசி பெஞ்சு மாணவர் என்பதை மனதில் வைத்தால் எல்லாம் பொருந்திவிடுகிறது!

அந்தப் படத்தை வெறும் சிரிப்புப் படத்திலிருந்து தூக்கி நிறுத்துவது அதற்குப் பிறகு வரும் காட்சி. கடற்கரையில் பழைய எதிரிகள் வந்து சுடுகிறார்கள். சண்டையில் ஆவ்ரம் ஒருவனைச் சுட்டுக் கொல்ல நேர்கிறது. கொல்ல வருகிறவனைத் தடுக்க வேறு வழியில்லை என்றால் கொல்லலாம் என்று யூதச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது, ஆகவே அதில் பெரிய சிக்கல் இல்லை. அவரை உடைத்துப் போடுவது வேறொன்று. குண்டு பாய்ந்த நேரத்தில் அவர் முதலில் ஓடியது தோரா சுருளை, அதாவது யூத வேதச் சுருளைக் காப்பாற்ற. நண்பனைக் காப்பாற்ற இல்லை. இவ்வளவு தூரம் மார்போடு அணைத்துக் கொண்டுவந்த சுருள், ஆனால் அதற்குள் எழுதியிருப்பது என்ன? நான் ரபியாக இருக்கத் தகுதியில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார். துப்பாக்கிச் சண்டை முடிந்ததும் கணக்கு முடிந்தது என்று குதிரையேறிப் போகிற வகைக் கதையில், ஒருவன் மணலில் உட்கார்ந்து, நான் எதை முதலில் எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கடைசியில் எஞ்சிய எதிரி எதிரே நிற்கும்போதும் ரபி அவனைச் சுடுவதில்லை, ஊரைவிட்டுத் தள்ளிவைக்கிறார். அமெரிக்கப் பழங்குடி மக்கள் வருகிற காட்சிகள் மட்டும் இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கின்றன.

நிஜ வன்மேற்கில் யூதர்கள் இருந்தார்களா என்றால், தாராளமாக இருந்தார்கள். பெரும்பாலும் கடைக்காரர்களாக. பவேரியாவில் பிறந்த லெவி ஸ்ட்ராஸ் 1853-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து ஜவுளி வியாபாரம் செய்தார். ரெனோவில் தையல்காரராக இருந்த, ரீகாவிலிருந்து வந்த ஜேக்கப் டேவிஸோடு சேர்ந்து 1873-ல் அவர் எடுத்த காப்புரிமைதான் செம்புக் குமிழ் வைத்த ஜீன்ஸ். கௌபாயின் கால்சட்டையே இவர்கள் கொடுத்தது. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வயட் ஏர்ப், கலிஃபோர்னியாவின் கோல்மாவில் ஒரு யூதக் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார். மனைவி ஜோசஃபின் யூதர். தெற்கே அர்ஜென்டினாவில் 1889-ல் ரஷ்யப் பேரரசிலிருந்து கப்பலில் வந்தவர்கள் மோயிஸஸ்வில் குடியேற்றத்தை உண்டாக்கினார்கள். அந்த வாழ்க்கையைக் கதைகளாக்கி 'யூத கௌச்சோக்கள்' என்று 1910-ல் ஆல்பெர்ட்டோ கெர்ச்சுனோஃப் எழுதினார். கௌச்சோ என்றால் அந்த ஊர்க் கௌபாய். புது நாட்டைப் புகழ்கிற புத்தகம் அது. அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பாவை மோயிஸஸ்வில்லில் குத்திக் கொன்றவன் ஒரு கௌச்சோ என்பதையும் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் புகழ்ச்சி வேறு மாதிரி கேட்கிறது.

இப்போது ஒரு காட்சி. தலைக்கு விலை வைக்கப்பட்ட ஒருவன் ஓர் ஊருக்குள் ஓடிவந்து ஒளிகிறான். அரசின் படை ஊரைச் சூழ்ந்துகொள்கிறது. அவனைக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஊரையே அழிப்போம் என்கிறது. இந்தக் கதையை ஹாலிவுட்டிலும் கோடம்பாக்கத்திலும் பலமுறை பார்த்திருப்போம். இன்னொரு தல்மூதான எருசலேம் தல்மூதிலும் இந்தக் கதை உண்டு, அதில் ஊரின் பெயர் லோத். ஓடிவந்தவன் உல்லா பார் கோஷேவ். ஊர்ப் பெரியவர் ரபி யெஹோஷுவா பென் லேவி. சட்டம் என்ன சொல்கிறது? யாராவது ஒருவனைக் கொடு என்று கேட்டால், எல்லோரும் சாக நேர்ந்தாலும் ஓர் உயிரையும் கொடுக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்கலாம். இங்கே பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். ரபி போய் உல்லாவிடம் பேசி, அவனைச் சம்மதிக்க வைத்து ஒப்படைக்கிறார். ஊர் பிழைத்தது.

அதுவரை அந்த ரபியைப் பார்க்க எலியா தீர்க்கதரிசி வந்துபோவதுண்டு. அன்றோடு வரவு நின்றுபோயிற்று. ரபி உபவாசம் இருக்கிறார், ஒன்றல்ல, பல. கடைசியில் எலியா வந்து கேட்கிறார்: காட்டிக்கொடுப்பவர்களுக்கா நான் தரிசனம் கொடுப்பேன்? ரபி பதறிப்போய், நான் மிஷ்னாவின்படிதானே செய்தேன் என்கிறார். எலியா திருப்பிக் கேட்கிறார்: அது பக்திமான்களின் மிஷ்னாவா?

தல்மூத் இந்த இடத்தில் அப்படியே விட்டுவிடுகிறது. சட்டம் மாறவில்லை. ரபி செய்தது தப்பு என்று எலியாவும் சொல்லவில்லை. ஆனாலும் வாசற்படி காலியாகத்தான் கிடந்தது.

1952-ல் வந்த 'ஹை நூன்' படத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். பகல் ரயிலில் கொலைகாரன் வருகிறான். மார்ஷல் ஊரில் வீடு வீடாகத் துணைக்கு ஆள் கேட்கிறார். சர்ச்சில் கூட்டமே நடக்கிறது. ஒவ்வொருவரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். முடிவு மட்டும், நீ ஊரைவிட்டுப் போய்விடு என்பதாக இருக்கிறது. படத்தில் ஒரு யூதரும் இல்லை. ஆனால் திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் யூதர். எடுத்த ஃப்ரெட் ஸின்னமன் ஆஸ்திரிய யூதர். அவருடைய பெற்றோர் நாஜி இன அழிப்பில் மாண்டவர்கள். 1951-ல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஃபோர்மன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைக் குழு முன் நின்று, மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பெயரைச் சொன்னால் தப்பிக்கலாம் என்ற ஏற்பாடு அவருக்குக் கதையில் மட்டும் இருந்த விஷயமில்லை. லோத் ஊர்க் கதையை அவர் படித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. காட்டிக்கொடுப்பவன் என்ற சொல் அந்த வீட்டில் எவ்வளவு கனமான சொல் என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். பாலைவனத்தில் இரண்டு பேர் நடக்கிறார்கள். ஒருவன் கையில் ஒரு குடுவை. ஒருவன் குடித்தால் ஊர் போய்ச் சேரலாம், பகிர்ந்தால் இருவரும் சாவார்கள். ஒருவன் சாவதை மற்றவன் பார்ப்பதைவிட இருவரும் குடித்துச் சாகட்டும் என்றார் பென் பெதூரா. ரபி அகிவா வந்து, உன் சகோதரன் உன்னோடே பிழைக்கட்டும் என்ற வேத வரியை எடுத்து, 'உன்னோடே' என்றால் முதலில் உன் உயிர் என்று தீர்த்தார்.

1954-ல் டாம் காட்வின் எழுதிய 'த கோல்ட் ஈக்வேஷன்ஸ்' இதே கணக்கை ராக்கெட்டில் வைக்கிறது. ஒரு தூரத்துக் கிரகத்தில் ஆறு பேருக்குக் காய்ச்சல். மருந்து கொண்டுபோகும் சின்னக் கப்பலில் அளந்து ஊற்றிய எரிபொருள். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் திருட்டுத்தனமாக ஏறிவிட்டாள். அவள் எடையோடு கப்பல் இறங்க முடியாது. அவளை வெளியே தள்ளத்தான் வேண்டும். எழுதியவர் அவளைக் காப்பாற்றக் காப்பாற்ற, பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் கதையைத் திருப்பித் திருப்பி அனுப்பி அவளைச் சாகவைத்தார். எல்லைப்புறத்தின் சட்டம் இயற்கையின் சட்டம், அதற்கு இரக்கம் கிடையாது என்பது கதையின் வாதம்.

அகிவாவின் தீர்ப்பும் இதே மாதிரிக் கடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் தல்மூத் குடுவையைப் பற்றி ஒரு விவரம் தருகிறது: அது ஒருவன் கையில் இருந்தது. காட்வின் கதையில் குடுவை யார் கையில்? கணக்குப் போட்டு, ஒரு சொட்டுக்கூட அதிகம் வேண்டாம் என்று எரிபொருள் ஊற்றியவர்கள் கையில். அவர்கள் கதைக்குள் வருவதே இல்லை. அந்தப் பெண்ணைத் தடுக்கக் கப்பல் வாசலில் இருந்தது அனுமதியில்லாதவர் நுழையக் கூடாது என்ற ஒரு பலகை, பூட்டுகூட இல்லை. உபாகமம் 22:8-ல் புது வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு: மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் ஒருவன் விழுந்தால் ரத்தப்பழி உன் வீட்டின்மேல். விழுந்தவன் ஏன் ஓரத்துக்குப் போனான் என்று அது கேட்பதில்லை. ஒரு ரபியிடம் இந்தக் கதையைக் கொடுத்தால் விமானியைச் சீக்கிரம் விட்டுவிடுவார், கப்பல் கட்டியவனைத்தான் கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைக்கிறேன்.

ரோபோக்கள், செயற்கை மனிதர்கள் பக்கம் வந்தால் கோலெமைத் தாண்டிப் போக முடியாது. வாசலில் போடும் கோலம் இல்லை. மண்ணால் செய்து எழுத்துகளால் உயிரூட்டிய உருவம். சங்கீதம் 139:16-ல் எபிரேயத்தில் வரும் இந்தச் சொல்லுக்குத் தமிழ் வேதாகமம் போட்ட சொல் 'கரு': என் கருவை உம்முடைய கண்கள் கண்டது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்காது. இன்னும் முடியாதது, ஆகிக்கொண்டிருப்பது.

பிராக் நகரத்து ரபி லோவ் கோலெம் செய்து யூதர்களைக் காத்த கதை உலகமெங்கும் தெரியும். அந்தக் கதையின் இன்றைய வடிவம் பெரும்பாலும் 1909-ல் யூடல் ரோசன்பெர்க் என்பவர், பழைய சுவடி கிடைத்தது என்று சொல்லி வெளியிட்ட புத்தகத்திலிருந்து வருவது. ரபி லோவ் இறந்து அப்போது 300 வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய, சின்னக் கதை. ரவா என்ற ஞானி ஒரு மனிதனைச் செய்து ரபி ஸேராவிடம் அனுப்பினார். ஸேரா அவனிடம் பேச்சுக் கொடுத்தார். பதில் இல்லை. நீ எங்கள் தோழர்களின் கைவேலை, உன் மண்ணுக்கே திரும்பிப் போ என்றார். தல்மூதில் இவ்வளவுதான் இருக்கிறது.

1718-ல் இறந்த ரபி ஸ்வி அஷ்கெனாசி இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்பினார். அவருடைய முன்னோரான ஹெல்ம் நகர எலியாஹு ஒரு கோலெம் செய்தவர் என்று குடும்பத்தில் பேச்சு உண்டு. ஆகவே இது அவர்கள் வீட்டுக் கேள்வி. கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள், பத்தாவதாக ஒரு கோலெம் நிற்கிறது. எண்ணலாமா? அவர் வாதத்தைப் பாருங்கள். ரபி ஸேரா அவனை மண்ணாக்கினார். அது கொலை என்று யாரும் சொல்லவில்லை. சரி, கொலை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பத்தில் ஒன்றாக எண்ணும் அளவுக்காவது அவனால் பயன் இருந்திருந்தால் ஸேரா வீணாக அழித்திருப்பாரா? அழித்தார். ஆகவே எண்ணக் கூடாது. இயந்திரத்துக்கு மனசாட்சி உண்டா, உரிமை உண்டா என்று இன்றைக்கு ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள். இவர் ஆள் குறையும் ஒரு காலை நேரத்து ஜெபக்கூடத்தில் நின்று அதையே கேட்டுவிட்டார்.

ஆவ்ரம் டேவிட்சன் 1955-ல் எழுதிய 'த கோலெம்' கதையில் இந்த மரபு முழுக்கச் சமையலறை வாசத்தோடு வருகிறது. கலிஃபோர்னியாவில் ஓர் அமைதியான தெரு. திண்ணையில் கும்பைனர் தாத்தாவும் பாட்டியும். சாம்பல் முகத்தோடு ஓர் இயந்திர மனிதன் வந்து உட்கார்ந்து, நான் மனிதனில்லை, மனித குலத்துக்கும் எங்களுக்கும் பகை என்று ஆரம்பிக்கிறான். இரண்டு பேரும் அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டால்தானே! பாட்டி இடைமறிக்கிறாள், தாத்தா பாட்டியோடு மல்லுக்கு நிற்கிறார். மரியாதையில்லாமல் பேசியதற்கு ஓர் அறை வைத்தபோது உள்ளே கம்பிகள் தெரிகின்றன. அட, கோலெம்! பழைய கதை தெரிந்த தாத்தா சரிசெய்து, நெற்றியில் எழுத்துகளை எழுதி, புல்வெட்டும் இயந்திரத்தைக் கையில் கொடுக்கிறார். மேற்கத்தியக் கதைகளில் தன்னைப் படைத்தவனையே பழிவாங்கும் அந்தப் பெரிய பூதம், இங்கே வீட்டு வேலைக்கு வந்த பையனாக முடிகிறான்.

அதற்குப் பத்து வருடம் கழித்து, 1965-ல், இஸ்ரேலின் ரெஹோவோத்தில் வைஸ்மன் நிறுவனம் கட்டிய கணினிக்கு கோலெம் ஆலெஃப் என்றே பெயர் வைத்தார்கள். அந்த விழாவில் உரையாற்றியவர் யூத மறைஞான ஆய்வின் பெரிய அறிஞர் கெர்ஷோம் ஷோலெம்.

யாரை எண்ணுவது என்ற கேள்வி வேற்றுக்கிரகத்துக்கும் போயிற்று. ஜாக் டான் தொகுத்து 1974-ல் வந்த 'வாண்டரிங் ஸ்டார்ஸ்' தொகுப்பில் வில்லியம் டென் எழுதிய ஒரு கதை உண்டு. வெள்ளிக் கிரகத்தில் யூத மாநாடு. பழுப்பு நிறத் தலையணைக்கு மேலே சாம்பல் புள்ளிகளும் குட்டையான உணர்கொம்புகளும் வைத்த மாதிரியான பிராணிகள் பிரதிநிதிகளாக வந்து, நாங்களும் யூதர்கள் என்கின்றன. எங்கள் முன்னோர் வந்து குடியேறியவர்கள், காலப்போக்கில் சுற்றியிருப்பவர்கள் மாதிரியே ஆகிவிட்டோம் என்பது அவர்கள் வாதம். எந்த ஊரில் வாழ்ந்தார்களோ அந்த ஊர் முகம் யூதர்களுக்கு வந்துவிட்டது உண்மைதானே? மாநாடு இரண்டாகிறது. கடைசியில் ஒரு சின்ன ரபி, யூதர்கள் இருக்கிறார்கள், அப்புறம் யூதர்களும் இருக்கிறார்கள், இவர்கள் அந்த இரண்டாம் வகை என்று ஒரு தீர்ப்பு சொல்கிறார். படித்துச் சிரித்து முடித்த பிறகு, இஸ்ரேலில் யார் யூதர் என்று நீதிமன்றங்கள் உட்கார்ந்து வாதாடிய காலத்தில் இந்தக் கதை வந்தது என்பது உறைக்கிறது.

ஸ்டார் ட்ரெக் தொடரில் ஸ்பாக் காட்டும் விரல் பிரித்த வணக்கம், அந்தப் பாத்திரத்தில் நடித்த லெனார்ட் நிமோய் சிறுவனாக பாஸ்டன் ஜெபக்கூடத்தில், பார்க்கக் கூடாது என்று சொன்ன நேரத்தில் திருட்டுத்தனமாகப் பார்த்த ஆசாரியர்களின் ஆசீர்வாத முத்திரை. இனிமையான செய்திதான், ஆனால் கதைக்குள் அது எந்தக் கேள்வியையும் கேட்பதில்லை.

கேள்வி நிஜத்தில் வந்தது 2003 ஜனவரியில். இலான் ரமோன் என்ற இஸ்ரேலிய விமானப்படை அதிகாரி கொலம்பியா விண்கலத்தில் ஏறினார். மதக் கட்டுப்பாடுகளோடு வாழ்ந்தவர் இல்லை. ஆனாலும் யூதர்கள் எல்லோருடைய சார்பிலும் போகிறேன், அங்கே சபாத்தைக் கடைப்பிடிப்பது எப்படி என்று ரபிகளிடம் கேட்டார். விண்கலம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சூரிய உதயம், ஓர் அஸ்தமனம். அதை ஒரு நாள் என்று எண்ணினால் பத்தரை மணி நேரத்தில் ஒரு வாரம் முடிந்துவிடும்! வேண்டாம், புறப்பட்ட இடமான கேப் கனவெரலின் கடிகாரத்தை வைத்துக்கொள் என்று பதில் வந்தது. பாலைவனத்தில் எண்ணிக்கொண்டு நடந்தவனுக்கு ஹூனா சொன்ன புத்திக்கு இது ரொம்ப தூரமில்லை. நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் ஒரு சிறுவனுக்காக ஒளித்து வைத்திருந்த ஒரு குட்டித் தோரா சுருளையும் ரமோன் கூட எடுத்துப்போயிருந்தார். பிப்ரவரி 1-ம் தேதி திரும்பும் வழியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை.

எல்லைப்புறத்தையும் கற்பனை வரலாற்றையும் ஒரே புத்தகத்தில் வைத்தவர் மைக்கேல் ஷேபன். 2007-ல் வந்த அவருடைய 'த யிட்டிஷ் பொலீஸ்மென்ஸ் யூனியன்' அடுத்த வருடம் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. அதன் விதை நிஜமானது: ஐரோப்பாவிலிருந்து தப்பி வரும் யூத அகதிகளை அலாஸ்காவில் குடியேற்றலாம் என்று அமெரிக்க உள்துறையில் ஒரு யோசனை எழுந்து, 1940-ல் நாடாளுமன்றம்வரை போய்ச் செத்துப்போயிற்று. சாகாமல் நிறைவேறியிருந்தால்? அலாஸ்காவின் சிட்கா நகரம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷ் பேசும் லட்சக்கணக்கான யூதர்களோடு நிற்கிறது. 60 வருடக் குத்தகை முடியப்போகிறது, எல்லோரும் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கொலை.

அதில் ஸிம்பாலிஸ்ட் என்றொரு கிழவர் வருகிறார். தொழில், கயிறு கட்டுவது. சபாத்தில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக் கூடாது, சாவிக்கொத்தைக்கூட. ஆனால் கம்பம் நட்டுக் கயிறு இழுத்தால், இரண்டு கம்பமும் மேலே ஒரு கயிறும் சட்டப்படி ஒரு வாசல் நிலை. வாசலாக வாசலாக ஊரைச் சுற்றிவிட்டால் ஊரே ஒரு வீடு. இதற்கு எருவ் என்று பெயர். நியூயார்க் உட்பட நிஜமான நகரங்கள் பலவற்றில் இது உண்டு. கயிறு எங்காவது அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் ஆள் போய்ப் பார்ப்பார்கள். ஷேபனின் கிழவர் அலாஸ்காவின் காட்டையும் தீவையும் வரைபடத்தில் போட்டு இதைச் செய்கிறார். வன்மேற்குக் கதைகளில் நிலத்தை வளைக்க முள்கம்பி போடுவார்கள். அது மற்றவனை உள்ளே விடாமல் இருக்க. இந்தக் கயிற்றைக் குனியாமலே தாண்டலாம். உள்ளே இருப்பவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெபக்கூடத்துக்குப் போகத்தான் இது.

ஆனால் கயிறு கட்டிய நிலம் யாருடையது? முன்னோர் நட்ட எல்லைக்குறியைத் தள்ளிப்போடாதே என்று உபாகமம் சொல்கிறது. எல்லைப்புறக் கதைகளில் பெரும்பாலானவை, யூதர் எழுதியவை உட்பட, இந்த வரியைத் தாண்டிக் குதித்தே போகின்றன. ஷேபன் குதிக்கவில்லை. அந்தக் கரையில் ஏற்கெனவே டிலிங்கிட் என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். குடியேறியவர்களோடு மோதல் நடந்து உயிர்கள் போயிருக்கின்றன. துப்பறிகிற நாயகன் லாண்ட்ஸ்மனின் கூட்டாளி பெர்கோ ஷெமெட்ஸ். அப்பா யூதர், அம்மா டிலிங்கிட். யூதச் சட்டத்தில் தாய்வழிதான் கணக்கு. தலையில் கிப்பா என்ற யூதத் தொப்பியும் கையில் டிலிங்கிட் சம்மட்டியுமாக, சபாத்தைத் தவறாமல் கடைப்பிடித்துக்கொண்டு, அவன் அந்தக் கயிற்றுக்குள்தான் குடியிருக்கிறான்.